பருவம் முடிந்த பிறகு பேசப்படும் பறவை: அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்களும் கிளுவைக் கூட்டங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸ், லூசியானா கடற்கரைச் சமவெளியில் நான் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். வாத்து வேட்டைக்காரர்கள் பலர் எனக்கு அண்டை வீட்டாராகவும் நண்பர்களாகவும் இருந்தார்கள். நான் துப்பாக்கி எடுத்தவன் அல்லன், பைனாகுலரோடு போகிறவன். ஆனாலும் வேட்டை இல்லாத மாதங்களில் அவர்களோடு உட்கார்ந்து கேட்ட பேச்சு, கிளுவைகளைப் பற்றி நான் படித்த எதையும்விட ஆழமாக என்னுள் இறங்கியது. அந்தப் பேச்சைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிளுவை என்பது எந்த வாத்து?

ஆங்கிலத்தில் 'டீல்' என்று அழைக்கப்படும் சிறிய வாத்துகளுக்குத் தமிழில் கிளுவை என்று பெயர். வட அமெரிக்காவில் மூன்று வகைகள் முக்கியமானவை. நீலச்சிறகுக் கிளுவை, பச்சைச்சிறகுக் கிளுவை, மேற்கு மாநிலங்களில் காணப்படும் இலவங்க நிறக் கிளுவை. வேட்டைக்காரர்கள் வெறுமனே 'டீல்' என்றால் பெரும்பாலும் நீலச்சிறகையே குறிப்பிடுகிறார்கள். லூசியானாவின் பிரெஞ்சு பேசும் முதியவர்கள் 'சார்செல்' என்பார்கள்.

நீலச்சிறகின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. மல்லார்ட் எனப்படும் பச்சைத் தலை வாத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தை போல இருக்கும். ஆனால் வட அமெரிக்க வாத்துகளில் மல்லார்டுக்கு அடுத்தபடியாக எண்ணிக்கையில் மிகுந்தது இந்தச் சிறிய பறவைதான். கனடாவின் சஸ்காட்செவான், மானிடோபா, ஆல்பர்ட்டா, அமெரிக்காவின் இரு டகோட்டா மாநிலங்கள் ஆகியவற்றின் புல்வெளிக் குட்டைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மெக்சிகோ, கியூபா, கொலம்பியா, பெரு வரைக்கும் பறந்து போகிறது. பச்சைச்சிறகு இன்னும் சிறியது, குளிரைத் தாங்கும், அவ்வளவு தொலைவு போகாது.

வேட்டை இல்லாத காலம் எவ்வளவு நீளம்?

வழக்கமான வாத்துப் பருவம் பெரும்பாலான தென் மாநிலங்களில் ஜனவரி இறுதிக்குள் முடிந்துவிடும். செப்டம்பர் நடுவில் கிளுவைக்கென்று ஒரு சிறிய தனிப்பருவம் திறக்கும். இடையில் ஏழு மாதங்களுக்கு மேல்.

அந்த ஏழு மாதங்களில் என்னதான் செய்கிறார்கள்?

காட்டு வாத்துகளை ஏமாற்றி இறக்க நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளுக்கு மீண்டும் சாயம் பூசுகிறார்கள். அவற்றைக் கட்டும் கயிறுகளின் சிக்கலை அவிழ்க்கிறார்கள். அதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். லாப்ரடார் நாய்க்குட்டியைக் குளத்தில் பழக்குகிறார்கள். படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, மீண்டும் கோப்பதை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடுகிறார்கள். மறைந்து உட்காரும் குடிலுக்கு நாணல் வெட்டி வருகிறார்கள். வாத்தின் குரலை எழுப்பும் ஊதலை வண்டி ஓட்டும்போதெல்லாம் ஊதிப் பழகுகிறார்கள். வீட்டில் ஊதினால் யாரும் பொறுத்துக்கொள்வதில்லை.

இந்த வேலைகள் எல்லாமே கை செய்கிற வேலைகள். வாய் சும்மா இருக்கும். அப்போதுதான் பேச்சு தொடங்குகிறது. எங்கே மழை பெய்தது, டகோட்டாவில் பனி எவ்வளவு விழுந்தது, கனடாவில் குட்டைகள் நிரம்பினவா என்று கேட்டுக்கொள்வார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு மாநிலத்தின் ஏப்ரல் மாத ஈரத்தைப் பற்றிச் சொந்த வயலைப் போல் கவலைப்படும் மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மழைப் பேச்சு முடிந்ததும், யாராவது ஒருவர் 'அந்த வருடம்' என்று ஆரம்பிப்பார். எந்த வருடம் என்று யாரும் கேட்பதில்லை.

மல்லார்ட் இருக்கிறது, ஊசிவால் வாத்து இருக்கிறது. நினைவுகள் ஏன் கிளுவையையே சுற்றுகின்றன?

இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். மூன்று காரணங்கள் தோன்றுகின்றன.

முதலாவது, கிளுவை பறக்கும் விதம். மல்லார்ட் வானத்தில் வட்டமிட்டு, யோசித்து, சந்தேகப்பட்டு இறங்கும். கிளுவைக் கூட்டம் அப்படி அன்று. நாணலின் உயரத்துக்குத் தாழ்ந்து, பின்பக்கமிருந்து வந்து, தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். புதுத்துணியைக் கையால் ஒரே இழுப்பில் கிழிக்கும் ஓசையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அது. ஐம்பது பறவைகள் ஒரே உடம்பு போல் சாயும். சாயும்போது இறக்கையின் வெளிர்நீலம் ஒரே நொடியில் மின்னும். மறு நொடி எல்லாம் பழுப்பு. உண்மையில் வேகம் மணிக்கு 50 முதல் 65 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். பெரிய வாத்துகளும் அந்த வேகத்தை எட்டுகின்றன. ஆனால் சிறிய உடல், தாழ்ந்த பறப்பு, திடீர்த் திருப்பம் மூன்றும் சேர்ந்து கண்ணுக்கு இரு மடங்கு வேகமாகக் காட்டுகின்றன.

இரண்டாவது, அது முதலில் வருவது. ஏழு மாதம் காத்திருந்தவனுக்கு முதலில் வரும் பறவை எதுவோ அதுவே மனத்தில் நிற்கும். நீலச்சிறகின் ஆண்கள் ஆகஸ்டிலேயே தெற்கே கிளம்பிவிடுகின்றன. வியர்வை வழியும் வெயிலில், கொசுக்கடியில், குளிர்காலத்தின் முதல் தூதன் வந்து நிற்கிறான்.

மூன்றாவது, அது போகும் விதம். நேற்று மாலை வயல் முழுவதும் நிறைந்திருந்தது. இரவில் வடகாற்று வீசியது. விடிந்தால் ஒன்றுகூட இல்லை. இரவில் பயணம் செய்யும் பறவை அது. சொல்லிக்கொள்ளாமல் போனவர்களைத்தானே அதிகம் நினைக்கிறோம்.

'வானமே மறைந்தது' என்கிறார்களே, உண்மையில் எத்தனை பறவைகள்?

பறக்கும் கூட்டத்தை எண்ணுவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். பத்துப் பறவைகளைக் கண்ணால் ஒரு கட்டாகப் பிடித்து, அந்தக் கட்டு கூட்டத்துக்குள் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்ப்பது வழி. கூட்டம் பெரிதானால் கட்டை நூறாக்க வேண்டும். அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் பிழை விரைவாகப் பெருகும். கிளுவை போல் நெருங்கிப் பறக்கும் பறவையில் அது இன்னும் அதிகம்.

ஆகவே, ஒருவர் 'பத்தாயிரம்' என்றால் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; ஆனால் பொய் என்றும் தள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்கு 'நான் எண்ண முயன்று விட்டுவிட்டேன்' என்று பொருள். மெக்சிகோ வளைகுடாக் கரையின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் ஆயிரக்கணக்கில் கிளுவைகள் ஒரே நீர்ப்பரப்பில் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சூழும் ஈசலைப் போல, எந்தப் பக்கம் முன் எந்தப் பக்கம் பின் என்று தெரியாமல் சுழலும். அன்று நானும் எண்ண முயன்று விட்டுவிட்டேன்.

முன்பு போல் இப்போது இல்லை என்கிறார்கள். அது உண்மையா, முதுமையின் ஏக்கமா?

பாதி உண்மை. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியது அவசியம்.

1955 முதல் ஒவ்வொரு ஆண்டும் வசந்த காலத்தில் அமெரிக்க மீன் வனவிலங்குச் சேவையும் கனடிய வனவிலங்குச் சேவையும் சேர்ந்து வாத்துகளைக் கணக்கெடுக்கின்றன. பறவையியல் தெரிந்த விமானிகள் தரையிலிருந்து சுமார் 45 மீட்டர் உயரத்தில், சிறிய விமானங்களில், குறித்த கோடுகளின் மேல் பறந்து எண்ணுகிறார்கள். வானிலிருந்து தவறவிட்டவற்றைத் திருத்தத் தரையிலும் ஒரு பகுதியை எண்ணிப் பார்க்கிறார்கள். குட்டைகளையும் எண்ணுகிறார்கள். கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் கணக்கெடுப்பு நடக்கவில்லை.

அந்தக் கணக்கில் நீலச்சிறகுக் கிளுவை 1990ஆம் ஆண்டில் 28 லட்சம் அளவுக்குத் தாழ்ந்தது. 2012இல் 92 லட்சமாக உயர்ந்தது. கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு அதுவே உச்சம். 2024இல் மீண்டும் 46 லட்சம். அதாவது இந்தப் பறவையின் எண்ணிக்கை ஒரே சரிவாகச் சரியவில்லை. அலை போல் ஏறி இறங்குகிறது. ஒருவருடைய சிறந்த நினைவு எழுபதுகளைச் சேர்ந்தது என்றால், அவருடைய மகனின் சிறந்த நினைவு 2012ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் கண்டம் முழுவதற்குமான எண்ணிக்கை ஒன்று. உங்கள் வயலுக்கு வரும் எண்ணிக்கை வேறு. இங்குதான் முதியவர்கள் சொல்வது சரி. டெக்சஸில் 1980ஐ ஒட்டி ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் நெல் விளைந்தது; அண்மை ஆண்டுகளில் அது இரண்டு லட்சம் ஏக்கருக்குள் சுருங்கியிருக்கிறது. ஹூஸ்டன் நகரம் மேற்கே பரவியபோது கேட்டி சமவெளியின் நெல்வயல்கள் வீடுகளாகின. 2012 முதல் சில ஆண்டுகள் வறட்சியால், டெக்சஸின் கொலராடோ ஆற்றிலிருந்து நெல் விவசாயிகளில் பெரும்பாலானோருக்குப் பாசன நீர் விடப்படவில்லை. லூசியானாவோ 1932 முதல் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் கடற்கரை நிலத்தைக் கடலிடம் இழந்திருக்கிறது. தாத்தா படகு செலுத்திய சதுப்பு இன்று திறந்த உப்புநீர். அந்த இடத்தில் நின்றுகொண்டு 'முன்பு இங்கே கிளுவை இருந்தது' என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் புள்ளிவிவரத்தைக் காட்டி வாயடைப்பது அநியாயம். பறவை எங்கோ இருக்கிறது. அது இறங்கிய நீர் இல்லை.

அப்படியானால், பெரிய கூட்டம் வந்தால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு என்று கொள்ளலாமா?

கூடாது. என்னை மிகவும் மாற்றிய பாடம் இது.

ஒரு முதியவர் தம் வாழ்நாளின் மிகப் பெரிய கிளுவைக் கூட்டத்தைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் சொல்வார். நாய்தான் முதலில் தலையைத் தூக்கியதாம். அதற்குப் பிறகு ஓசை. அதற்குப் பிறகு, குளத்தின் நீர் தெரியவில்லை. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை பழுப்பு. அவர் வேட்டைக் குறிப்பேடு வைத்திருந்தார். ஒரு மாலை அதைத் தேடி எடுத்து வந்தார், தேதியைக் காட்டுவதற்காக. அன்றைய பக்கத்தில், பறவைகளைப் பற்றிய இரண்டு வரிகளுக்கு மேலே அவரே எழுதியிருந்தார்: சுற்றியுள்ள சதுப்பெல்லாம் வற்றிவிட்டது, பம்பு ஓடுவது நம் குளத்தில் மட்டுமே.

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். நாற்பது ஆண்டுகளாக வளத்தின் நினைவாக வைத்திருந்தது, வறட்சியின் நினைவு. மாவட்டம் முழுவதும் சிதறி இருக்க வேண்டிய பறவைகள், போக இடமின்றி ஒரே நீரில் ஒதுங்கியிருந்தன.

மழை பெய்து எங்கும் நீர் நிற்கும் ஆண்டில் கிளுவைகள் எட்டும் பத்துமாகப் பிரிந்து, எல்லாக் குட்டைகளிலும் இருக்கும். வேட்டைக்காரனுக்கு அது ஏமாற்றமான ஆண்டாகத் தோன்றும். பறவைக்கு அது நல்ல ஆண்டு. ஒரே இடத்தில் நெருங்கினால் நோய் பரவும், இரை தீரும். ஆகவே யாராவது பெரிய கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் நான் இப்போது உடனே கேட்பது, 'அந்த ஆண்டு மற்ற இடங்களில் நீர் இருந்ததா?' என்பதைத்தான். பேச்சு அதிலிருந்து வேறு ஆழத்துக்குப் போகிறது.

வடக்கே குட்டைகள் ஏன் அவ்வளவு முக்கியம்?

பனியுகத்தின் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது மண்ணுக்குள் புதைந்த பனிக்கட்டிகள் உருகி, லட்சக்கணக்கான சிறு பள்ளங்களை விட்டுச் சென்றன. அவற்றில் வசந்தத்தில் நீர் நிற்கும். கோடையில் பல வற்றும். வற்றி நிரம்பும் அந்த ஆழமற்ற நீரில் புழுக்களும் பூச்சிகளும் கொழிக்கும். முட்டையிடும் பெட்டைக்கு வேண்டிய புரதம் அதுதான். நீலச்சிறகு, குட்டையை ஒட்டிய புல்லில் கூடு வைத்துப் பத்து முட்டை அளவில் இடுகிறது. குட்டையும் வேண்டும், உழப்படாத புல்லும் வேண்டும்.

வடிகால் வெட்டி இந்தக் குட்டைகளை மக்காச்சோளக் கொல்லையாக்குவது நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. 1780களுக்கும் 1980களுக்கும் இடையில் அயோவா மாநிலம் தன் ஈரநிலங்களில் 89 விழுக்காட்டை இழந்தது. வட டகோட்டா ஏறக்குறையப் பாதியை. லூசியானா வேட்டைக்காரர் டகோட்டா மழையைப் பற்றி ஏன் கவலைப்படுகிறார் என்பது இப்போது புரியும்.

செப்டம்பரில் கிளுவைக்கு மட்டும் ஏன் தனிப்பருவம்?

நீலச்சிறகு முன்னதாகவே வந்து, வழக்கமான பருவம் திறப்பதற்குள் பெரும்பாலும் மெக்சிகோவுக்கும் அதற்கு அப்பாலும் போய்விடுகிறது. அதனால் 1965இல் சோதனையாக ஒன்பது நாள் பருவம் அனுமதிக்கப்பட்டது, 1969இல் நிலையானது. இப்போது விதி, எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வசந்தக் கணக்கில் நீலச்சிறகு 47 லட்சம் இருந்தால் 16 நாள். அதற்குக் குறைந்தால் 9 நாள். இன்னும் வெகுவாகக் குறைந்தால் பருவமே இல்லை. 2024 கணக்கு 46 லட்சமாக இருந்ததால் 2025 செப்டம்பரில் 9 நாள்தான் கிடைத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு கிளுவை வரம்பு. 2013க்கு முன் அது நான்கு.

ஒன்பது நாள் என்று அறிவிப்பு வந்ததும் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. என் தீர்ப்பு: இது நல்ல விதி. எண்ணிக்கை குறைந்தபோது தானாகவே கை சுருங்குகிறது; யாரும் யாரிடமும் மன்றாட வேண்டியதில்லை.

முழுநிலவும் குளிர்காற்றும் கிளுவையைக் கொண்டுவரும் என்பது மெய்யா?

வடகாற்று மெய். முதல் குளிர்காற்று தெற்கே இறங்கும் இரவில் பின்காற்றில் ஏறிப் பறப்பது பறவைக்கு ஆற்றல் மிச்சம். நிலவைப் பற்றி வேட்டைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்; என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீலச்சிறகு குளிருக்காகக் காத்திருப்பதில்லை, பெரும்பாலும் பகல் சுருங்குவதைக் கொண்டே கிளம்புகிறது. அதனால்தான் வெயில் கொளுத்தும்போதே வந்துவிடுகிறது.

தாத்தா காலத்துக் கதைகளில் வண்டி வண்டியாகப் பறவைகளைச் சுட்டதாக வருகிறதே?

ஆம், அது நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் வாத்து, சந்தைச் சரக்கு. படகில் பொருத்திய பெரிய துப்பாக்கிகளால் ஒரே வெடியில் பல பத்துப் பறவைகளை வீழ்த்தி, பீப்பாய்களில் அடைத்து ரயிலில் நகரங்களுக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில்தான், கோடிக்கணக்கில் பறந்து வானத்தை மறைத்த பயணப் புறா அழிந்தது. கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அமெரிக்கர்கள் பெருங்கூட்டங்களைப் பற்றிப் பேசும்போது, தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் புறா அந்தப் பேச்சில் இருக்கிறது.

1916இல் கனடாவுக்காகப் பிரிட்டனுடன் ஒப்பந்தமும், அதை நிறைவேற்ற 1918இல் வலசைப் பறவைச் சட்டமும் வந்தன. காட்டு வாத்துகளைச் சுட்டு விற்பது நின்றது. முப்பதுகளின் பெருவறட்சியில் வாத்துகள் மீண்டும் சரிந்தபோது, 1935இல் உயிர் வாத்துகளைக் கட்டிவைத்து ஏமாற்றுவதும், தானியம் தூவிச் சுடுவதும் தடை செய்யப்பட்டன. துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது. 1991 முதல் நாடு முழுவதும் வாத்து வேட்டையில் ஈய ரவைக்கு இடமில்லை. நீருக்கடியில் கிடக்கும் ஈய ரவைகளை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்துக்கொண்டிருந்தன. இப்போது எஃகு ரவை.

சுடுகிறவர்களே பறவை குறைகிறது என்று வருந்துவது முரண் அல்லவா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நம் நாட்டில் காட்டுப் பறவைகளைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதால், நமக்கு இது இன்னும் கூர்மையாகத் தோன்றுகிறது. என் மனமும் பறவை விழும்போது ஒப்புவதில்லை. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1934 முதல், 16 வயது நிறைந்த ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் வாத்து ஸ்டாம்ப் எனப்படும் அரசு வில்லையை வாங்க வேண்டும். முதல் ஸ்டாம்பை வரைந்தவர் கேலிச்சித்திரக்காரர் ஜே டார்லிங். விலை ஒரு டாலர். இப்போது 25 டாலர். அந்த வருவாயில் ஒரு டாலருக்கு 98 சென்ட், ஈரநிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. 1937இல் தொடங்கிய, ஈரநிலங்களைக் காக்கும் டக்ஸ் அன்லிமிடெட் அமைப்பும் வேட்டைக்காரர்கள் கட்டியதே. நான் பைனாகுலரோடு நிற்கும் பல கரைகள் அவர்கள் காசில் காக்கப்பட்டவை. என்னைப் போன்ற பார்வையாளர்களும் அந்த ஸ்டாம்பை வாங்கலாம். வாங்க வேண்டும் என்பேன். வேட்டைக்காரர் எண்ணிக்கை எழுபதுகளைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர்கள் விட்டுச்செல்லும் இடத்தை நாம் நிரப்பாவிட்டால் குட்டைகளுக்கு யார் பணம் கட்டுவது?

காலில் வளையம் உள்ள கிளுவை கிடைத்தால் ஏன் ஆண்டுக்கணக்கில் அதையே பேசுகிறார்கள்?

அலுமினிய வளையத்தில் ஓர் எண் இருக்கும். அதைத் தெரிவித்தால், அந்தப் பறவைக்கு எங்கே, எந்த ஆண்டில் வளையமிட்டார்கள் என்று பதில் வரும். கூட்டத்தில் ஒன்றாக இருந்த பறவைக்குத் திடீரென்று ஓர் ஊரும் வயதும் கிடைத்துவிடுகின்றன. 1983இல் சஸ்காட்செவானில் வளையமிடப்பட்ட ஒரு நீலச்சிறகு ஆண், 2005இல் கியூபாவில் கிடைத்தது. அப்போது அதற்குக் குறைந்தது 23 வயது. அரைக் கிலோ எடைகூட இல்லாத ஒரு பறவை இருபதுக்கு மேற்பட்ட முறை அந்தக் கண்டத்தைக் குறுக்காகப் பறந்து கடந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. பறவைகள் செல்லும் நான்கு பெரும் வழித்தடங்களைப் பறவையியலாளர் ஃபிரெடெரிக் லிங்கன் வரைந்து காட்டியதும் இத்தகைய வளையங்களைக் கொண்டுதான்.

நெல்வயலுக்கும் கிளுவைக்கும் என்ன உறவு?

கிளுவை ஆழத்தில் மேய முடியாத பறவை. ஒரு சாண் அளவுக்குள் நீர் இருந்தால் தலையை அமிழ்த்தி விதை எடுக்கும். அறுவடைக்குப் பின் நீர் கட்டிய நெல்வயல் அதற்கென்றே விரித்த இலை. சிந்திய நெல், புல் விதை, பூச்சி எல்லாம் அங்கே உண்டு. இயற்கைச் சதுப்பு சுருங்கிய பிறகு தென்மேற்கு லூசியானாவில் நெல்வயல்தான் பெருமளவு கிளுவைகளைத் தாங்குகிறது. நெல் விலை வீழ்ந்தால் கிளுவையும் பாதிக்கப்படும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வது மிகையில்லை.

பழைய வேட்டைக்காரர்களிடம் என்ன கேட்டால் நல்ல பதில் வரும்?

'எத்தனை சுட்டீர்கள்?' என்று கேட்காதீர்கள். நீர் எங்கே நின்றது, யாருடைய வயல், அப்போது என்ன பயிர், காற்று எந்தப் பக்கம், இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். குறிப்பேடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், அனுமதி பெற்றுப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். நான் அறிந்த இரண்டு குறிப்பேடுகள், உரியவர்கள் மறைந்தபின் வீட்டைக் காலி செய்தபோது குப்பைக்குப் போய்விட்டன. ஐம்பது ஆண்டுக் காலை நேரங்கள் அவற்றில் இருந்தன. நான் முன்னதாகக் கேட்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

துப்பாக்கி இல்லாமல் கிளுவைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். எப்போது, எங்கே?

கூட்டம் வேண்டுமானால் செப்டம்பரில், முதல் குளிர்காற்றுக்கு மறுநாள். டெக்சஸில் அனஹுவாக், லூசியானாவில் லகசீன் வனவிலங்குக் காப்பிடங்கள் நல்லவை. நடுவழியில் பார்க்க விரும்பினால் கான்சஸின் ஷையன் பாட்டம்ஸ் சதுப்பு. ஆனால் செப்டம்பரில் ஆண் பறவைகள் அழகு கலைந்து, பெட்டையைப் போல் பழுப்பாக இருக்கும்.

அழகு வேண்டுமானால் வசந்தத்தில் போங்கள். வடக்கே திரும்பும் வாத்துகளில் கடைசியில் வருபவற்றுள் நீலச்சிறகும் ஒன்று. மார்ச், ஏப்ரலில் வளைகுடாக் கரையின் ஆழமற்ற நீரில் சோடி சோடியாக மேயும். ஆணின் முகத்தில் வெள்ளைப் பிறை தெளிவாக நிற்கும். வேட்டைக்காரர்கள் இந்தப் பறவையை முழு அலங்காரத்தில் பார்ப்பது துப்பாக்கி அலமாரிக்குள் இருக்கும் மாதங்களில்தான். அந்த முதியவரும் நானும் ஏப்ரல் மாலைகளில் அவருடைய குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறோம். மழை நன்றாகப் பெய்த ஓர் ஆண்டில் எங்கள் முன் இருந்தவை ஆறே பறவைகள். 'எல்லாக் குட்டையிலும் ஆறு இருக்கும்' என்றார். இருட்டும்வரை இருந்தோம். அவை எழுந்து வடக்கே போன ஓசை மட்டும் கேட்டது.